நாற்பத்தைந்து நிமிடப் பஞ்சு

பல் பிடுங்கும் நாற்காலியில் உட்காரும் முன்பே சுப்ரமணியன் மூன்று பேரைத் திருத்திவிட்டார்.

ஆட்டோக்காரருக்கு அக்ரஹாரத்துக்கு எது குறுக்கு வழி என்று விளக்கினார். வரவேற்பில் இருந்த வினிதாவிடம் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கி ஓடுவதாகச் சொன்னார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, "ஊசி ரொம்ப வலிக்குமாமே" என்று யாரிடமோ முனகியதற்கு இவர் பதில் சொன்னார்.

"ஊசி எறும்புக்கடி மாதிரிதான். அப்புறம் பல்லை இழுக்கறது தெரியும், வலி தெரியாது. ரெண்டும் வேற வேற."

பெண்மணி எழுந்து போய் வேறு நாற்காலியில் உட்கார்ந்தார்.

துணைக்கு வந்த மகன் சுஹாஸ் தலையைத் தூக்கவில்லை. அவனுக்கு வேறு கவலை. சாஃப்ட்வேர் கம்பெனியில் அவன் வேலை போய் ஒன்றரை மாதம் ஆகிறது. வீட்டில் அவன் சொல்லவில்லை. போன வாரம் வீட்டில் அப்பாவிடம் சொல்ல ஒரு தடவை வாயைத் திறந்தான்.

"அப்பா, பத்தாம் தேதி திங்கட்கிழமை எங்க ஆபீஸ்ல..."

"பத்தாம் தேதி செவ்வாய்."

காலண்டர் வந்தது. அப்பா சொன்னதே சரி என்று நிரூபணமானது. அதற்குள் அவன் சேர்த்து வைத்திருந்த தைரியம் போய்விட்டது.

"பல் எடுக்கறதைப் பத்தி எல்லாம் படிச்சுட்டேன்டா," என்றார் அப்பா இப்போது. "பிடுங்கினதும் பஞ்சைச் சுருட்டி வெச்சுக் கடிச்சுக்கச் சொல்வாங்க. நாற்பத்தஞ்சு நிமிஷம். துப்பக் கூடாது, ஸ்ட்ரா போட்டுக் குடிக்கக் கூடாது, முக்கியமா பேசக் கூடாது."

"நீங்களா? நாற்பத்தஞ்சு நிமிஷமா?"

"ஏன், முடியாதா?"

உள்ளே கூப்பிட்டார்கள்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். இடது கன்னம் புடைத்திருந்தது. உதட்டோரம் வெள்ளையாகப் பஞ்சு எட்டிப் பார்த்தது. கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். உதட்டில் விரலை வைத்தார். கீழே இறங்கி, சாப்பாட்டு வேளைக்கு மூடியிருந்த ஜெராக்ஸ் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டினார்.

சுஹாஸ் உட்கார்ந்தான். தெருவைப் பார்த்தான். இப்படி ஒரு அமைதி அவர் பக்கத்தில் அவனுக்கு வாய்த்ததே இல்லை.

"அப்பா, என்னை வேலையைவிட்டு எடுத்துட்டாங்க."

சொல்லிவிட்டுப் பழக்க தோஷத்தில் கொஞ்சம் நிறுத்தினான். திருத்தம் வரவில்லை.

"தினம் கிளம்பறேனே, ஆபீசுக்கு இல்ல. குக்கரஹள்ளி ஏரிக்கரையில போய் உக்காந்துக்கறேன். முப்பது நாளா அங்கதான். அம்மா கட்டிக் கொடுக்கற டப்பாவை அங்கயே சாப்பிட்டுட்டு, சாயங்காலம் வந்துடறேன்."

அப்பாவின் தாடை ஒருமுறை அசைந்து நின்றது.

"முதல்ல பயம்தான். நீங்க வாக்கிங் போற இடமாச்சே. நல்ல வேளை, ரெண்டாம் நாளே உங்களுக்கு முட்டி வலி வந்து நடையை நிறுத்திட்டீங்க."

அதற்குப் பிறகு அணை உடைந்தது. எட்டு இன்டர்வியூ. எட்டிலும் 'சொல்லி அனுப்புகிறோம்'. அம்மா டப்பாவில் கூடுதலாக வைக்கும் இனிப்பைத் தொடக் கை வராதது. ஒரு நாள் ஏரியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுத் தமிழில் தொடங்கி ஊர்க் கன்னடத்தில் முடிந்த வாக்கியங்கள், பாதியில் நின்ற வாக்கியங்கள், தப்பும் தவறுமாக எல்லாம் வந்தன.

அப்பா பஞ்சைக் கடித்துக்கொண்டு கேட்டார். நடுவில் அவன் முழங்கால்மேல் கையை வைத்தவர், எடுக்கவில்லை.

அவன் முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டான். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். தெருமுனை ஐஸ்கிரீம் கடையைக் கைகாட்டிவிட்டு, எழுந்து விறுவிறுவென்று நடந்தார்.

வினிதா படியிறங்கி வந்தாள். கையில் ஒரு சீட்டு.

"சார் எங்கே? பி.பி. மாத்திரைச் சீட்டை விட்டுட்டுப் போயிட்டார். பத்து நாள் சாப்பிடட்டும். பிரஷர் இறங்கினாத்தான் பல்லை எடுக்க முடியும்னு டாக்டர் சொன்னாங்க."

"இன்னிக்கு எடுத்தாச்சே? வாயில பஞ்சு..."

"அதுவா? இன்னிக்கு எடுக்க முடியாதுன்னதும், 'பஞ்சையாவது கொடும்மா'ன்னு அவராக் கேட்டு வாங்கிட்டுப் போனார்."

அவள் படியேறிப் போனாள்.

அப்பா இரண்டு கப்புடன் வந்தார். கன்னம் வற்றியிருந்தது. ஒரு கப்பை அவனிடம் நீட்டினார்.

"அப்பா, உங்க பல்லு..."

"முப்பது நாள் இல்லடா," என்றார் அப்பா, மரக்கரண்டியை நக்கியபடி. "முப்பத்திமூணு. சனி, ஞாயிறு கழிச்சு."