ஊதாத வாத்தியம்

"இது பச்சை மோசடி, மேடம்!"

பேண்ட் வாத்திய அறைக் கதவை இடித்துத் திறந்துகொண்டு வந்தார் பள்ளியின் ஃபுட்பால் கோச் லாட்னர். உடற்பயிற்சிப் பாடத்துக்கும் அவர்தான். கையில் ஒரு படிவம்.

ஷெர்மர் மேடம் நிமிர்ந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் பேண்டுக்கும் அவர்தான், பாட்டு வகுப்புக்கும் அவர்தான்.

"யாரு என்ன பண்ணாங்க, கோச்?"

"உங்க பேண்ட் பையன் வெண்டல்தான்! ஒரு சீசன் பேண்டோட அணிவகுத்து நடந்தா உடற்பயிற்சிப் பாடத்துல பாஸ். சட்டம் அப்படி. சரி, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு எட்டு பார்ப்போமேன்னு நீங்க பிராக்டீஸ் பண்ற கார் பார்க்கிங்குக்குப் போனேன்..."

கோச் பேண்டைப் பார்த்ததே அதுதான் முதல் தடவை. பத்தொன்பது வருஷமாக, ஃபுட்பால் இடைவேளையில் பேண்ட் மைதானத்தில் வாசிக்கும் நேரத்தில், அவர் உடைமாற்றும் அறைக்குள் தன் டீம் பையன்களைக் காய்ச்சிக்கொண்டிருப்பார்.

"தோள் வழியா சுத்தி மாட்டுற பித்தளை ஊதுவாத்தியம், சூஸபோன், இருக்கே, அதை மாட்டிக்கிட்டு, கன்னத்தை உப்ப வெச்சுக்கிட்டு நடக்கறான் பயல். ஒரு பொட்டு சத்தம் வரல! ஊதவே இல்லை மேடம்!"

"தெரியும்."

"தெரியுமா?"

"நான்தான் ஊதாதேன்னு சொன்னேன். அவன் ஊதினா பக்கத்துப் பண்ணை மாடெல்லாம் பதிலுக்குக் கத்துது."

கோச்சுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

"அப்புறம் எதுக்கு அவனை வெச்சிருக்கீங்க?"

"ஒரு ஆள் குறைஞ்சாலும் வரிசையில ஓட்டை விழும். பல்லு போன வாய் மாதிரி தெரியும். சரி, அவன் கால் எங்கயாவது தப்புச்சா?"

"அது... தப்பல."

"வேர்த்துச்சா?"

"ஊத்திச்சு."

"பதினஞ்சு கிலோ பித்தளை, கோச். ஆகஸ்ட் வெயில்லேர்ந்து தினமும் ரெண்டு மணி நேரம். நீங்க காலுக்கு மார்க் போடுங்க. வாய்க்கு மார்க் போடறது என் வேலை, அதை நான் பாத்துக்கறேன்."

"முடியவே முடியாது!"

"இந்த பாஸ் இல்லேன்னா அவன் டிசம்பர்ல பள்ளிக்கூடத்தை முடிக்க முடியாது. ஜனவரியில எலக்ட்ரீஷியன் பயிற்சிக்கு இடம் கிடைச்சிருக்கு. அதுவும் போயிடும்."

"அதுக்கு நான் என்ன பண்றது? நியாயம்னு ஒண்ணு இருக்கே!"

மேடம் எழுந்துபோய், சுவரில் இருந்த ஒரு படத்தைக் கழற்றி வந்து மேஜையில் வைத்தார். போன வருஷம் அக்டோபரில் நடந்த பாட்டுக் கச்சேரி. கடைசி வரிசையில் ஒரு தடியன், வாயை ஆவென்று திறந்தபடி நின்றான்.

"இது யாரு?"

கோச்சின் குரல் இறங்கிவிட்டது. "நம்ம டீம் கோல்ட்டன்."

"ஒரு பாட்டு வகுப்புல பாஸாகலேன்னா மேட்ச்ல இறங்க முடியாதுன்னு நீங்க கொண்டுவந்து விட்டவன். ஒரு வரி பாடினானா? வாயைத் திறந்து திறந்து மூடினான். 'நிக்கறதும் பாட்டுல சேர்த்திதானே மேடம், பாஸ் போட்டுடுங்க'ன்னு டோனட் டப்பாவோட இதே இடத்துல வந்து நின்னது யாரு?"

கோச்சுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சட்டைப்பையில் பேனாவைத் துழாவினார். மேடமே ஒன்றை எடுத்து நீட்டினார்.

கோச் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் 'நடை பிரமாதம்' என்றும் எழுதினார்.

கதவு வரை போனவர் நின்றார். தலையைச் சொறிந்தார்.

"மேடம்... இந்த வருஷமும் நம்ம டீம்ல ஒருத்தன் இருக்கான்."

"பாடுவானா?"

"நல்லா நிப்பான், மேடம்."