இரண்டாவதாக வந்தவன்

"என் பொண்ணை ஓட்டப்பந்தயத்துல சேர்க்காதீங்க சார்," என்றாள் அந்தத் தாய்.

தலைமையாசிரியருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பொம்பளைப் பிள்ளைன்னா ஓடக் கூடாதாம்மா? எண்ணூறு மீட்டர்ல நான் வாங்கின தங்கம்தான் என்னை இந்த நாற்காலியில உட்கார வச்சிருக்கு."

"தெரியும் சார். அன்னைக்கு நானும் மைதானத்துல இருந்தேன். உங்களுக்கு அடுத்து வந்தவன் மயங்கி விழுந்தானே?"

"ஆமா. அப்புறம் சரியாயிடுச்சுன்னு சொன்னாங்க."

"உங்ககிட்ட அப்படிச் சொல்லியிருக்காங்க. அவன் கண்ணே திறக்கல. அவன் என் அண்ணன். அதே இதயக் கோளாறு என் பொண்ணுக்கும் இருக்காம். டாக்டர் இப்பதான் சொன்னார்."

தலைமையாசிரியர் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பினார். வெளியே தேர்வு ஓட்டம் தொடங்கவிருந்தது. காலையில் அவர்தான் அந்தத் தாயின் மகளையும் அதில் சேர்த்திருந்தார்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். விசில் ஊதிவிட்டார்கள். முதல் வளைவில் முந்திக்கொண்டு வந்தவளின் குறுக்கே போய், இரு கைகளையும் விரித்து நின்றார்.