செப்டம்பரிலேயே மூடிய கார்

பின்லாந்தின் வடகோடியான லாப்லாந்தில், கோடையில் மட்டும் ஓட்டும் தன் காரின் பேட்டரியைக் கழற்றி, எலி நுழையாமல் புகைக்குழாயை அடைத்துவிட்டு, என்சியோ அவசரமாகக் காரின் மேல் உறையை இழுத்துப் போர்த்தினான்.

"பனி விழ இன்னும் ஒரு மாசம் இருக்கே, அதுக்குள்ள காருக்குத் தாலாட்டா?" என்றாள், கலைமான் வளர்க்கும் பக்கத்து வீட்டு இங்கெரி.

"முதுகு வலிக்குதுக்கா. அப்புறம் குனிய முடியாது."

"நகரு தம்பி, முன்பக்கம் நான் கட்டறேன்."

"வேணாம்க்கா..."

அதற்குள் அவள் குனிந்து, நசுங்கிய முகப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, உறையின் கயிற்றைக் கட்டினாள்.

"நீ இடிச்ச என் மான் காட்டுக்குள்ள மூணு நாள் துடிச்சுது. உன் கார் விளக்கோட உடைஞ்ச சில்லு ரோட்டோரம் கிடந்துச்சு. ஒரு போன் பண்ணியிருந்தா அன்னிக்கே அதோட வலியை முடிச்சிருப்பேன்."

என்சியோவால் தலைநிமிர முடியவில்லை.

"இறுக்கித்தான் கட்டியிருக்கேன்" என்றபடி அவள் எழுந்தாள். "இனி யாரு கண்ணுலயும் படாது."