நடத்தி வைக்க ஆள் இல்லை

"அங்கி போட்டிருக்கீங்க, கழுத்துல சிலுவை தொங்குது, கல்யாணமும் பண்ணிக்கலை. அப்புறம் என்ன, நீங்களே நடத்தி வைங்களேன்!" மணப்பெண்ணின் அம்மா பிரதரை விடுவதாக இல்லை.

சாயங்காலம் மாப்பிள்ளைக்கு விமானம். இன்றைக்கு விட்டால் அவருக்கு அடுத்த லீவு கிடைக்க ஒரு வருஷம் ஆகும்.

"பிஷப் கைவச்சுக் கொடுக்கிற பட்டம் நான் வாங்கலைம்மா. கல்யாணம் வேண்டாம், சொத்து வேண்டாம், சொன்னபடி கேட்பேன்னு வார்த்தைப்பாடு கொடுத்த துறவி, அவ்வளவுதான். துறவு வேற, பட்டம் வேற."

"அப்போ பீடத்துல பூ அடுக்குற அந்த மதர்?"

"அவங்களும் என்னை மாதிரிதான். பங்குச் சாமியாருக்குத் திடீர்னு காய்ச்சல். திருத்தொண்டர் ஒருத்தரை அனுப்புறேன்னார். அதுவும் பட்டம்தான், சாமியாருக்கு ஒரு படி கீழே. அவர் நடத்தினாலும் கல்யாணம் செல்லும்."

"கோயில் நிறைய அங்கி, காரியத்துக்கு ஒருத்தரும் ஆகலை!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிரதர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று வாசல் கேட்டுக்கு ஓடினார், வருகிறவரை எதிர்பார்த்து.

அந்த நேரம் பார்த்துப் பக்கவாசல் வழியாக ஒருவர் வேர்க்க விறுவிறுக்க நுழைந்தார். ஒரு தோளில் பை, மறு தோளில் வீறிட்டு அழும் குழந்தை. நேரே பீடத்தை நோக்கி நடந்தார்.

"ஏங்க, எங்க போறீங்க? மாப்பிள்ளை ஆபீஸ்தானே? பின்னால உட்காருங்க." பெண்ணின் அம்மா குறுக்கே வந்து மறித்தாள்.

"இல்லைம்மா, நான் வந்து..."

"வந்துட்டீங்க, தெரியுது. பிள்ளையோட அம்மா எங்கே?"

"அவளுக்கு இன்னைக்கு டூட்டி. அதான் நானே..."

"முதல்ல அதை அழாம பார்த்துக்குங்க. எனக்கே அழுகை முட்டுது!"

மனுஷர் பாவம், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளையைத் தட்டிக்கொடுத்தார். எழுந்து வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் கையமர்த்தினாள்.

மாப்பிள்ளை இன்னொரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். முன் பெஞ்சில் பெண் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் அம்மாவுக்குத் தாங்கவில்லை.

"என் பொண்ணு தலையெழுத்தைப் பாருங்க! பட்டம் வாங்கின ஒரு ஆள் கூடவா இந்த ஊர்ல இல்லை?" என்று கோயில் அதிரக் கத்தினாள்.

கடைசி பெஞ்சுக்காரர் விறுவிறுவென்று அவளிடம் வந்தார். பையைத் திறந்து, மடிப்புக் கலையாத வெள்ளை அங்கியை வெளியே எடுத்தார்.

"கல்யாணம் ஆனவங்களும் திருத்தொண்டர் ஆகலாம்மா. பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்க, கல்யாணத்தை ஆரம்பிச்சிடுறேன்."