பன்னிரண்டாவது கால்

பெரிய வியாழனன்று கோவிலில் பாதம் கழுவும் சடங்குக்காகப் போடப்படும் பன்னிரண்டு நாற்காலிகளில் முதலாவது பேதுருவுக்கு, கடைசி, முப்பது வெள்ளிக்காசுக்கு இயேசுவைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தூக்குப் போட்டுக்கொண்ட யூதாசுக்கு என்பது பிரேசர் டவுன் பக்கத்துக் கிறிஸ்தவர்களிடையே வேரூன்றிய நம்பிக்கை. மிகுந்த வருத்தத்துடன் மறுக்க வேண்டியிருக்கிறது. இயேசு யார் காலை முதலில் கழுவினார், யார் காலைக் கடைசியில் கழுவினார் என்று எங்கும் எழுதப்படவில்லை. பன்னிரண்டு பேர்தான் உட்கார வேண்டும் என்றுகூடத் திருச்சபை கேட்பதில்லை.

இதையெல்லாம் யாரும் கேட்டுக்கொள்வதாக இல்லை. கடைசி நாற்காலிக்கு எந்த வருடமும் ஆள் கிடைப்பதில்லை, சில்வெஸ்டரைத் தவிர.

சில்வெஸ்டர், சிவாஜிநகர் துணிக்கடை ஒன்றில் பில் போடுகிறவர். வருடா வருடம் தானாகவே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

புதன்கிழமை மாலை ஒத்திகை. பங்குப் பேரவைச் செயலாளர் ரெமிஜியஸ் அவரைக் கூப்பிட்டார்.

"சில்வெஸ்டர், இந்த வருஷம் நீங்க முன்னாடி உக்காருங்க. அலெக்சாண்டர் மக வீட்டுக்குக் கனடா போயிட்டார். பேதுரு நாற்காலி காலி."

"வேண்டாம் சார். எனக்கு என் எடமே போதும்."

"ஃபாதர்கிட்ட பேசி ஓகே வாங்கிட்டேன். இத்தனை வருஷமா யார் என்ன கிண்டல் பண்ணாலும் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்ல நீங்க. பொறுமைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"மரியாதையெல்லாம் எதுக்கு சார்?"

பாடகர் குழுவிலிருந்து ஆஞ்சலா குரல் கொடுத்தாள். "அங்கிளுக்கு அந்த முப்பது வெள்ளிக்காசு மேல கண்ணு! வருஷா வருஷம் வாங்கறாரு, எங்களுக்கு ஒரு மசால் தோசை கூட கிடையாது!"

எல்லோரும் சிரித்தார்கள். சில்வெஸ்டரும் சிரித்தார்.

"கடைசி சீட்டப் பத்திக் கவலைப்படாதீங்க" என்றார் ரெமிஜியஸ். "நம்ம வாட்ச்மேன் முனிராஜை உக்கார வெச்சிடலாம். ஞானஸ்நானம் வாங்கி ரெண்டு மாசந்தான் ஆகுது. யூதாஸ் கதையெல்லாம் அவருக்கு இன்னும் தெரியாது."

"சார், தயவு செஞ்சு வேண்டாம். என்னை அங்கயே விட்டுடுங்க."

ரெமிஜியஸ் முகம் மாறியது. கொடுத்த மரியாதையை நாலு பேர் முன்னால் வேண்டாம் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. தாழ்மையிலயும் ஒரு கர்வம் உண்டு. கடைசியில போய் உக்காந்தா எல்லார் கண்ணும் நம்ம மேலதான் இருக்கும்னு ஒரு ஆசை. அதுவும் பாவந்தான்."

கருத்து சரியானது. பெரிய மகான்கள் எல்லாம் எச்சரித்திருக்கிறார்கள், பெரும்பாலும் தங்களைத் தாங்களே.

பாடகர் குழு மறுபடி பாட ஆரம்பிக்கும்வரை சில்வெஸ்டர் காத்திருந்தார். பிறகு கிட்டே வந்தார்.

"சார், கில்பர்ட்ட ஹெப்பகோடி ரூம்லேர்ந்து கொண்டுவந்தப்ப நீங்க வீட்டுக்கு வந்தீங்க."

"எந்த கில்பர்ட்?"

"என் பையன்."

"ஓ... ஆமா ஆமா. பாவம், சின்ன வயசு. வேலை போனதைத் தாங்க முடியாம... இல்ல?"

"ஆமா சார். மாலை கூட வாங்கிட்டு வந்தீங்க. போறப்ப வாசல்கிட்ட நின்னு யார்கிட்டயோ சொன்னீங்க. தன் உயிரத் தானே எடுத்துக்கிட்டவனுக்கு மேல எங்க எடம், யூதாஸ் பக்கத்துலதான்னு."

ரெமிஜியஸ் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"நானா? அப்படியா சொன்னேன்?"

"அவன் அம்மா மௌரீன் காதுல விழுந்துடிச்சு சார். அன்னிக்கோட அவ கோவிலுக்கு வர்றத விட்டுட்டா."

"சில்வெஸ்டர், அது வந்து... ஏதோ பேச்சுவாக்குல..."

"எனக்குக் கோவம் இல்ல சார். நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். அவனுக்கு எடம் அங்கதான்னு ஆயிடிச்சு, இனிமே நம்மால என்ன செய்ய முடியும்னு அழுதுட்டே இருந்தேன். அந்த வருஷம் பெரிய வியாழனுக்கு வந்து பின்னாடி நின்னு பாக்கறேன், யாரையோ கெஞ்சிக் கடைசியில உக்கார வெச்சிருந்தாங்க, ஃபாதர் அந்தக் கடைசி நாற்காலிக்கும் வர்றாரு சார். முட்டி போடறாரு. தண்ணி ஊத்திக் கழுவறாரு. குனிஞ்சு முத்தம் குடுக்கறாரு."

சில்வெஸ்டர் குனிந்து கடைசி நாற்காலியின் தூசியைக் கையால் துடைத்தார்.

"அங்க நான் நீட்டறது என் கால் இல்ல சார்."

மறுநாள் மாலை, பேதுருவின் நாற்காலியில் வாட்ச்மேன் முனிராஜ் உட்கார்ந்திருந்தார். ஃபாதர் வரிசையாகக் கழுவிக்கொண்டு வந்தார். வழக்கம்போல ரெமிஜியஸ் துண்டுடன் பின்னாலேயே வந்தார். கடைசி நாற்காலிக்கு முன்னால் ஃபாதர் முட்டி போட்டார், கழுவினார், துண்டுக்காகப் பின்னால் கையை நீட்டினார்.

துண்டு ரெமிஜியஸின் முகத்தில் இருந்தது.

சற்று நேரம் காத்திருந்துவிட்டு, ஃபாதர் குனிந்து ஈரத்தோடேயே முத்தமிட்டார். சில்வெஸ்டர் ஈரக்காலிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.