அப்பா போட்ட பின்னல்

"அப்பா, தங்கச்சிக்குப் பின்னல் போடுறீங்களா, கயிறு திரிக்கிறீங்களா?" என்று அதட்டினாள் மூத்தவள்.

"ஐயோ, வலிக்குது! அக்கா, வழக்கம்போல நீயே போட்டுவிடு" என்று சிணுங்கினாள் சின்னவள்.

"எத்தனை நாளைக்கு நானே போடுறது? அம்மா இல்லாத வீட்டுல அப்பாதான் கத்துக்கணும்."

நாலாவது முறை பின்னல் நேராக வந்தது.

"அப்பா பாஸ்! இனி எனக்குக் கவலையில்லை" என்றாள் மூத்தவள்.

அப்போது வந்த நர்ஸ், கட்டிலில் சாய்ந்திருந்த மூத்தவளின் தொப்பி நழுவாமல் சரிசெய்துவிட்டு, வலி மருந்தைக் கொடுத்தாள். டாக்டர்கள் கைவிரித்த பிறகு அது ஒன்றுதான் வைத்தியம்.

அப்பா பின்னலை மெல்ல அவிழ்த்தார்.

"நல்லாத்தானே இருந்தது, ஏன் சார்?" என்றாள் நர்ஸ்.

அவர் மூத்தவளையே பார்த்தார்.

"எனக்கு இன்னும் சரியா வரலைம்மா. நாளைக்கும் நீதான் சொல்லித் தரணும்."