ஆளில்லாத ஸ்டாப்

மாதா கெபி ஸ்டாப்பில் ஈ காக்கா இல்லை. ஆனாலும் பஸ் நின்றுகொண்டே இருந்தது.

தினமும் அங்கே கருவாட்டுக் கூடையோடு ஏறும் கிளாடிஸ் அக்காவைக் காணோம். தங்கதுரைக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஒரு வருஷமாகக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூத்துக்குடிக்கு வருகிறவன் அவன். இன்றாவது நிம்மதியாக மூச்சு விடலாம்.

ஆனால் பஸ் நகர வேண்டுமே! துறைமுகத்து கிளியரிங் ஆபீஸில் ஒன்பது மணிக்குள் மெஷினில் விரல் வைத்தாக வேண்டும். போன வாரம் காய்ச்சலில் ஒரு நாள் லீவு போட்டதற்கே மேனேஜர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கண்டக்டர் பொன்னுதுரை படியில் நின்று தெருவையே பார்த்தார். அப்புறம் யாருக்கோ போன் போட்டார்.

"யாருக்குவே நிக்கீரு? ஏறுததுக்கு ஆளே இல்லையே," என்று தங்கதுரை சத்தம் போட்டான்.

பொன்னுதுரை அவன் பக்கம் திரும்பாமலே பேசி முடித்துவிட்டு விசில் கொடுத்தார். அந்த ஆத்திரத்தில் தங்கதுரை ஆபீஸ் போனதும் முதல் வேலையாக டெப்போவுக்குப் புகார் செய்தான்.

மறுநாளே செக்கிங் இன்ஸ்பெக்டர் வீரபாகு ஏறிவிட்டார். புகார் கொடுத்தது நான்தான் என்று தங்கதுரை எழுந்து நின்றான். தட்டிக் கேட்க ஒருத்தனாவது இருக்கிறானே என்று அவனுக்கே அவனை நினைத்துப் பெருமை.

பொன்னுதுரை நடந்ததைச் சொன்னார். அந்தப் போன் போன பிறகுதான் பக்கத்து வீட்டார் போய் அக்கா வீட்டுக் கதவைத் தள்ளியிருக்கிறார்கள். அடுப்படியில் மயங்கிக் கிடந்த கிளாடிஸ் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்; இப்போது அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம்.

தங்கதுரைக்கு என்னவோ போல ஆகிவிட்டது. இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"இதோட ரெண்டு புகார்வே. போன செவ்வாக்கிழமையும் இதே ஸ்டாப்புல நாலு நிமிஷம் நின்னிருக்கு. மெமோ வந்தா வேலைக்கே உலை, தெரியும்லா?"

"தெரியும் சார். ஏறுதவங்களுக்கு டிக்கெட் இருக்கு. வராதவங்கள யாரு சார் பாப்பா? இந்த பஸ்ஸுல தினம் வாரது நாப்பது பேரு. ஒரு ஆள் குறைஞ்சாலும் எங்களுக்குத் தெரியும்."

குரலில் கொஞ்சமும் பயமில்லை. பெருமைதான் இருந்தது. பஸ்ஸில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"ஆனா செவ்வாக்கிழமை அந்தம்மா ஏறினதா அந்தப் புகார்லயே இருக்கே. அன்னைக்கு யாருக்குவே நின்னீரு?"

பொன்னுதுரை தங்கதுரையை ஒரு தடவை பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"வண்டிய எடுக்க விடாம நின்னதே கிளாடிஸ் அக்காதான் சார். 'மூக்கப் பொத்துத தம்பியக் காணலியே, அவரு ஸ்டாப்பு டீக்கடைக்குப் போனப் போட்டுக் கேளும்'னாங்க. காய்ச்சல்தான்னு தெரிஞ்ச பிறகுதான் கூடையவே இறக்கி வச்சாங்க."